ஏர்ல்களைத் தாண்டிப் பீடத்துக்கு

நாட்டிங்ஹாமிலிருந்து கிராந்தம் பக்கம் போகும் ரயிலில் பாட்டஸ்ஃபோர்ட் வருவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடுகிறது. 200 அடிக்கு மேல் எழும் ஊசிக் கோபுரம். சுற்றிலும் தட்டையான வயல்வெளி என்பதால் மறைக்க எதுவும் இல்லை. ‘பள்ளத்தாக்கின் சீமாட்டி’ என்பது உள்ளூரார் வைத்த செல்லப்பெயர். ஊரோ லெஸ்டர்ஷயரின் வடகோடியில் இருக்கும் ஒரு கிராமம்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த ஆலயத்துக்குப் போனாலும் நேரே ஆல்டருக்கு, அதாவது பீடத்துக்கு, போய் முழங்காலில் நின்று ஒரு ஜெபம், அதற்குப் பிறகுதான் வேடிக்கை என்பது அத்தையின் வழக்கம். புனித மரியாள் ஆலயத்துக்குள்ளும் அப்படித்தான் விறுவிறுவென்று நடந்தாள். பாடகர் குழு உட்காரும் இடத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

“என்னல இது, ஆண்டவர் வீடா, இவங்க வீடா? ஆல்டருக்குப் போக வழியையே காணோமே!”

அவள் சொன்னதில் மிகையில்லை. பீடத்துக்கு முன்னால் இருக்கும் அந்தப் பகுதி முழுக்கக் கல்லறைகள். நடுவில் இரண்டு, சுவரோரங்களில் கூரையைத் தொடுகிற மாதிரி மற்றவை. ரட்லண்ட் ஏர்ல்கள் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) எட்டுப் பேர், 1543 முதல் 1679 வரை, ஒருவர் விடாமல் இங்கே இடம்பிடித்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கு இடம் போதாமல் 17-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியையே இடித்துக் கட்டவேண்டி வந்தது.

இவர்கள் மேனர்ஸ் குடும்பம். சில மைல் தள்ளிக் குன்றின்மேல் நிற்கும் பீவர் கோட்டை அவர்களுடையது. அதற்கு முன் கோட்டையை வைத்திருந்த ரூஸ் பிரபுக்கள் பீவர் மடத்தில் அடக்கமானவர்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவர்கள் கல்லறைகளைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 1414-இல் இறந்த ஒரு ரூஸ் பிரபுவும், 1421-இல் பிரான்சில் போரில் செத்த இன்னொருவரும் பீடத்துக்கு அருகில் கைகூப்பிக் கிடக்கிறார்கள். பீவர் மடம் உள்ளிட்ட சில மடங்களின் நிலங்களைப் பெற்றவர் முதலாம் ஏர்ல். ஆக, சொத்தோடு கல்லறைகளும் வந்துசேர்ந்தன.

முதலாம் ஏர்லின் கல்லறையைச் செதுக்கியவர் பர்ட்டன் ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் பார்க்கர். கூலி 20 பவுண்டு என்று கோட்டையின் கணக்கில் இருக்கிறது. கல் அலபாஸ்டர், அதாவது ஜிப்சத்தின் ஒரு வகை. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மிருது. அதனால்தான் மோதிரம், சட்டை மடிப்பு வரை அத்தனை நுணுக்கமாக எடுக்க முடிந்திருக்கிறது. வந்தவர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போகவும் அதே மிருதுதான் வசதி!

எனக்குப் பிடித்தது இரண்டாம் ஏர்லின் கல்லறை. 1563-இல் இறந்தவர். அவரும் மனைவியும் ஒரு கல்மேசைக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். பருத்த கடைசல் கால்களோடு, அந்தக் காலத்துச் சாப்பாட்டு மேசை அச்சு அசலாக அப்படியே. மேலே பிள்ளைகள் முழங்காலிட்டிருக்கிறார்கள். இது திருவிருந்து மேசையைக் குறிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. கல்லால் ஆன பலிபீடங்களை அகற்றி மரமேசை போடும்படி ஆன காலம் அது என்பதால் பொருத்தமாகவே படுகிறது. இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவில், மேசைக்கு அடியில் படுக்க ஒத்துக்கொண்ட ஒருத்தரையாவது பார்த்தோமே என்றிருந்தது.

மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் லண்டன் சதக்கில் ஜெரார்ட் ஜான்சன் பட்டறையில் செய்து, கடல்வழியாக லிங்கன்ஷயரின் பாஸ்டன் துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வண்டிகளில் ஏற்றி வந்தார்கள். ஐந்தாமவரின் மனைவி கவிஞர் பிலிப் சிட்னியின் மகள் என்பதைத் தவிர, அங்கே நிற்கக் காரணம் தெரியவில்லை.

ஆறாமவர் ஃபிரான்சிஸ், 1632-இல் இறந்தவர். இரண்டு மனைவியரோடு படுத்திருக்கிறார். அவர் காலடியில் மண்டையோட்டோடு இரண்டு சின்னப் பையன்கள். பக்கத்தில் உள்ள கல்வெட்டு, இருவரும் சிறுவயதிலேயே ‘கொடிய செயலாலும் சூனியத்தாலும்’ இறந்தார்கள் என்கிறது.

யார் செய்த சூனியம்? கோட்டையில் வேலை பார்த்த ஜோன் ஃபிளவர், அவள் மகள்கள் மார்கரெட், பிலிப்பா. திருட்டுப் புகாரில் மார்கரெட்டை 40 ஷில்லிங்கும் ஒரு கம்பளி மெத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1613-இல் மூத்த பையன் இறந்தான். அவனுடைய கையுறையை எடுத்துப் பூனைமேல் தேய்த்துக் கொதிநீரில் போட்டார்கள் என்று ஆண்டுகள் கழித்துக் குற்றச்சாட்டு எழுந்தது. லிங்கனுக்கு விசாரணைக்குக் கொண்டுபோகும் வழியில் ஜோன் ரொட்டியும் வெண்ணெயும் கேட்டாளாம். “நான் குற்றவாளியானால் இது என் தொண்டையில் இறங்காது போகட்டும்” என்று சொல்லி வாயில் போட்டவள் அங்கேயே செத்தாள் என்று அப்போது வந்த துண்டுநூல் எழுதியது. மகள்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். எப்படி வாங்கிய ஒப்புதலோ! 1619 மார்ச்சில் லிங்கனில் தூக்கு. இளைய பையன் அப்போது உயிரோடுதான் இருந்தான். அடுத்த ஆண்டு இறந்தான். சூனியக்காரிகள் என்று தூக்கிலிட்ட பிறகும் பிள்ளை பிழைக்கவில்லை. கல்வெட்டு அதற்கும் சேர்த்துச் சூனியத்தையே சொல்கிறது.

இதே வழக்கில் மாட்டிய வேறு சில பெண்களை விசாரித்தவர்களில் ஒருவர், அப்போது இந்த ஆலயத்தின் போதகராக இருந்த டாக்டர் சாமுவேல் ஃபிளெமிங். பக்கத்து ஓடைமேல் இன்றும் நிற்கும் சின்னக் கல்பாலம் அவர் கட்டியது. 1620-இல் ஏழை விதவைகளுக்கு ஒரு இல்லமும் வைத்தார். அந்த விசாரணையையும் இந்தத் தருமத்தையும் செய்தது ஒரே கை. எனக்கு இதைக் கோர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

எட்டாமவர் ரோமானிய வீரன் உடையில், நாடக மேடையில் நிற்கிற மாதிரி நிற்கிறார். 1703-இல் குடும்பம் டியூக் பட்டத்துக்கு உயர்ந்தது. பிற்பாடு கோட்டை வளாகத்திலேயே தனிக் கல்லறை மண்டபம் கட்டிக்கொண்டார்கள். நல்லவேளை.

அத்தை ஒரு வழியாக ஓரமாக நுழைந்து பீடத்தண்டை போய் முழங்காலிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடினாலும் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் படுத்திருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட நீண்ட ஜெபம். எழுந்ததும் கேட்டேன், “அந்த மூணு பேருக்கா அத்தை?”

“செத்தவங்களுக்கு ஜெபம் பண்ற வழக்கம் நம்மகிட்ட கிடையாதுல்லா. ஊர்ல இன்னைக்கும் ‘செய்வினை வச்சிட்டா’ன்னு பேரு வாங்கிட்டு ஒதுங்கிக் கெடக்குற பொம்பளைங்க இருக்காங்கல்லா, அவங்களுக்குப் பண்ணுனேன்.”

பிறகு, ஜோன் செத்த ஊர் எது என்று கேட்டாள். அன்காஸ்டர். இதே ரயில் பாதையில்தான், கிராந்தத்தைத் தாண்டி. அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு என்றேன். “காத்திருந்து போவோம்” என்றாள்.