சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போகும் முன்: விவாகரத்தில் கால் இடறும் இடங்கள்

விவாகரத்து கேட்டு வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வருகிறவர்களில் சிலர் கையில் ஏற்கெனவே ஒரு முத்திரைத்தாள் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி, இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கியிருப்பார்கள். "எங்களுக்கு அப்பவே அத்துவிட்டாச்சு சார்" என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அது லேசில் முடிகிற காரியமில்லை. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் குற்ற வழக்கும் வரலாம். ஆனாலும் அதைக் கிழித்துப் போட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறார்கள் என்பதைக் காட்ட அது உதவும்.

எங்கே மனு போடுவது? திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம் ஆகிய மூன்றில் எதுவும் ஆகலாம். மனு போடுவது மனைவியென்றால் இப்போது அவர் இருக்கும் இடமும் சேரும். 2003-ல் வந்த திருத்தம் இது. வள்ளிமலையில் தாலி கட்டி, சென்னையில் குடித்தனம் நடத்தி, ஆற்காட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண் ஆற்காட்டு முகவரியை வைத்தே மனு போடலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின்னும் பலருடைய ஆதாரில் பழைய 'வேலூர் மாவட்டம்' தான் இருக்கிறது. ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர். மனுவில் இன்றைய மாவட்டத்தைப் போட்டு, பழையதையும் குறிப்பிட்டுவிட்டால் கோர்ட் ஆபீஸில் மனுவைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் குறையும்.

திருமணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். அழைப்பிதழ், தாலி கட்டும் போட்டோ, மண்டப ரசீது, இருவரின் ஆதார், கூட இருந்தவர் ஒருவரின் சாட்சியம் என்று வேறு வழியில் நிரூபிக்கலாம். திருமணமாகி ஒரு வருடம் முடியாமல் மனு போடுவதுதான் கஷ்டம். அதற்குத் தனியாக அனுமதி கேட்டு, விதிவிலக்கான துன்பம் என்று காட்ட வேண்டும்.

இருவரும் ஒத்துப்போனால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் கூட்டு மனு போடலாம். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கூட்டு மனு போட்ட நாளிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை ஆஜராகி, "இப்போதும் சம்மதம்தான்" என்று சொல்ல வேண்டும். இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு "ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் தரகர்களும் உண்டு, நம்பிவிடாதீர்கள். முதல் மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, மற்ற தகராறு எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அது நீதிபதியின் விருப்புரிமைதான்.

அதைவிட முக்கியம் பணம் கைமாறும் நேரம். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். முதல் கையெழுத்தன்றே முழுத்தொகையும் கொடுத்துவிட்டால் கணவர் பாடு திண்டாட்டம். ஒரு பைசா வாங்காமல் இரண்டாவது கையெழுத்தையும் போட்டால் மனைவி பாடு திண்டாட்டம். ஒரு பங்கை முதலிலும், மீதியை இரண்டாம் முறை நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாகவும் கொடுப்பது நல்லது. டிராஃப்ட் எண்ணும் பதிவில் ஏறட்டும்.

மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை வழக்கு பதிவாகியிருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. "கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது தானாக முடியாது. இருவரும் சமாதான மனுவோடு சென்னை உயர் நீதிமன்றம் போய் அந்த வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது, கடைசித் தவணை அதற்கு முன்னா பின்னா என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பின்னால் வரும் சண்டை பாதி இதில்தான்.

ஒருவர் மட்டும் கேட்கும் வழக்கு நீண்டுபோகும். வாய்தா மேல் வாய்தா என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால் ஆரம்பத்தில் காலத்தைத் தின்பது பெரும்பாலும் சம்மன்தான். வீட்டு எண் தப்பு, ஆள் வேறு ஊரில் வேலை, "கதவு பூட்டியிருந்தது" என்ற குறிப்பு. தெரிந்தே பழைய முகவரியைக் கொடுத்து எதிர்த்தரப்பு வராமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்குவது புத்திசாலித்தனமில்லை. எதிர்த்தரப்புக்கு விஷயம் தெரிந்த 30 நாளுக்குள் மனு போட்டால் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுபடி தொடங்கிய இடத்துக்கே வரலாம்.

ஜீவனாம்சத்துக்கு வருவோம். 2020-ல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். தோல் ஷாப் (தோல் பதனிடும் தொழிற்சாலை), ஷூ கம்பெனி வேலையென்றால் பி.எஃப். கணக்கே சம்பளத்தைச் சொல்லிவிடும். தினக்கூலி வேலைக்கு வங்கிக் கணக்கு, வண்டித் தவணை போன்றவற்றைத் தேட வேண்டும். பாக்கி ஏறிக்கொண்டே போனால் சும்மா இருக்காதீர்கள். தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவின் வாரண்ட் அந்தப் பாக்கிக்குக் கிடைக்காது.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கொரு ராணுவ வீரர் இருக்கும் பக்கம் இது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ராணுவச் சட்டம் 28-வது பிரிவுப்படி பணியிலிருக்கும் சிப்பாயின் சம்பளத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. மனைவி தீர்ப்பு நகலோடு அவருடைய யூனிட்டுக்கு எழுத வேண்டும். அதே சட்டத்தின் கீழ் ராணுவமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க வழியிருக்கிறது. ஆகவே அவருடைய ராணுவ எண்ணும் ரெஜிமெண்ட் பெயரும் மனுவில் இருக்கட்டும்.

நகையும் சீரும் பெண்ணின் சொத்து. பில், திருமண ஆல்பம், எடை எழுதிய பட்டியல் மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். அப்பா பார்க்கும் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுத்தில் வையுங்கள். "வசதிப்படி" என்று எழுதினால் மறுபடி கோர்ட்தான்.

இதெல்லாம் இந்து திருமணத்துக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு பரஸ்பர மனுவுக்கு 2 வருடப் பிரிவு கேட்கிறது. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற இலவச எண்ணும் உண்டு.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் இரண்டு மூன்றாக வாங்குங்கள். பாஸ்போர்ட், மறுமணப் பதிவு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று வெவ்வேறு இடத்தில் கேட்பார்கள். எதிர்த்து நடந்த வழக்கென்றால், மறுமண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் மேல்முறையீட்டுக் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு சட்டம் 30 நாள் என்கிறது, இன்னொன்று 90 நாள் என்கிறது. 90-ஐயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.