300 மி.மீ. தூரம்

விரல் ஷட்டரில் இருக்கிறது. லென்ஸுக்குள் அந்தப் பெரியவர் நேராக என்னைப் பார்க்கிறார்.

காலை ஆறரை, மட்டக்களப்பில் பழைய கல்லடிப் பாலம். கீழே வாவியில், தோணியில் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் 300 மி.மீ. லென்ஸ். கிராப் சென்சார், அதாவது சின்ன சென்சார் கமரா என்பதால் 450 அளவுக்கு இழுத்துத் தரும். வலையின் ஈயக்குண்டு விளிம்பைப் பல்லில் கடித்திருந்தார். முன்பல் இரண்டு இல்லை, கடைவாயால்தான் கடிக்கிறார். அதுவரைக்கும் தெரிந்தது.

நான் அவருக்கு வெறும் புள்ளி என்று நினைத்திருந்தேன்.

கரைக்கு வந்து கைகாட்டிக் கூப்பிட்டார்.

"என்ன மனே, களவா படம் எடுக்கிற?"

"தெரியாம எடுத்தாத்தான் இயல்பா வரும்..." என்று இழுத்தேன்.

"தூரத்துல நிண்டு பாக்கிறவங்கள எங்களுக்கு ஆகாது. பாத்த காலம் போதும்."

எந்தக் காலம் என்று நான் கேட்கவில்லை. காவலரண்களைக் கடந்து பள்ளிக்கூடம் போனவன்தானே நானும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸில்தான் மனிதர்களை எடுத்தார். அவரும் தன் லைக்கா கமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர்தான், சரி. ஆனாலும் அடி விழக்கூடிய தூரத்தில் நின்றார். நான் பாலத்தின் மேல் நின்றேன்.

படங்களைக் காட்டினேன். வலை வட்டமாக விரிந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். பல் தெரிந்ததை அழிக்கச் சொன்னார். அழித்தேன். (அதுதான் நல்ல படம்.)

அப்புறம் தோணிக்குப் போய், சேட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானெல்லாம் பூட்டி வந்து நின்றார்.

"இப்ப எடு மனே."