ஜிம்னியில் 235 டயர்: காற்றை இறக்கினால் இழுவை திரும்புமா?

மூன்று வாரமாக மண்டையைக் குடைந்த கணக்கு நேற்று தீர்ந்தது.

என் மாருதி ஜிம்னி ஃபோர்வீல் ஜீப்பில் (மேனுவல் கியர்) 195/80 ஆர் 15 டயரைக் கழற்றி 235/75 ஆர் 15 ஏற்றியாச்சு. டயரில் அச்சடித்த அளவின்படி விட்டம் 693 மி.மீ.யிலிருந்து 733.5, அதாவது 5.8 சதவீதம் கூடுதல். 4.09 விகித டிஃப் (டிஃபரன்ஷியல், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கடைசி கியர்) இனி 3.86 மாதிரி நடக்கும், அதாவது இழுவை குறையும். தெரிந்துதான் போட்டேன். ஆனால் குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது, எப்போதும் இரண்டாவதில் இழுக்கிற வளைவுகளில் வண்டி முதல் கியர் கேட்டது. 5.8-க்கு இவ்வளவு சோர்வா?

டேப்பை எடுத்தேன். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. நான் உள்ளே உட்கார, தம்பி ஐந்து சுற்றுத் தள்ளினான். ஒரே சுற்றில் அளந்தால் பிழை அதிகம், ஐந்தாவது வேண்டும். ஸ்டியரிங் துளி திரும்பினாலும் கணக்கு கெடும். நான்கு தடவை மறுபடி தள்ளினோம். பழைய டயர் 10.44 மீட்டர், புதுசு 11.18. வித்தியாசம் 7 சதவீதம்! பழையதில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) பாதி தேய்ந்திருந்ததை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. லோ ரேஞ்ச் (ஃபோர்வீலில் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) முதல் கியரில் மொத்த விகிதம் 36.2 (4.425 × 2.002 × 4.09). பழைய டயரோடு ஒப்பிட்டால் இப்போது 34 கூட இல்லை.

அடுத்து, பல பேர் சொல்லும் யோசனை: காற்றை இறக்கு, டயர் சின்னதாகும், இழுவை திரும்பும். 30-லிருந்து 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். அச்சு உயரம் 34.2 செ.மீ.யிலிருந்து 32.6. கிட்டத்தட்ட 5 சதவீதம் இறங்கிவிட்டது. மறுபடி ஐந்து சுற்று: 11.12 மீட்டர். வெறும் 6 செ.மீ. குறைவு!

காரணம், ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் ஓடும் இரும்புப் பெல்ட். காற்று போனால் டயர் சப்பையாகுமே தவிர, பெல்ட்டின் சுற்றளவு சுருங்காது. பொக்லைன் செயின் மாதிரி, ஒரு சுற்றுக்கு மொத்த நீளமும் தரையில் படிந்தே தீரும். காற்று இறக்கினால் மண்ணில் பிடிப்பு கிடைக்கும், அது உண்மை. கியர் கிடைக்காது. அச்சு உயரத்தை அளந்து கியர் கணக்குப் போடாதீர்கள்.

ஸ்பீடோமீட்டரும் மாறிவிட்டது. முன்பு 80 காட்டினால் ஜி.பி.எஸ்.ஸில் 76 இருக்கும், இப்போது 81. பைபாஸில் கவனம் தேவை.

அடுத்த ஆசை ஆட்டோமேட்டிக் ஜிம்னியின் 4.30 டிஃப். இந்த டயரோடு அது 4.06 ஆக வேலை செய்யும், கம்பெனி கணக்குக்கு மிக அருகில். முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர்வீலில் போட்டால் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். கோவையில் பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் பின் டிஃப் சொல்லி வைத்திருக்கிறேன், முன்னது இன்னும் அகப்படவில்லை.

அதற்குள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் இடது டயர் பம்பர் ஓரத்தில் உரசுகிறது. இந்த ஞாயிறு அதை வெட்டப் போகிறேன்.