ஜாடியும் மொட்டை மாடியும்

மார்ச் 29
ஊறுகாய் போட 2 கிலோ மாவடு. அடிபட்டதையும் காம்பில்லாததையும் கழித்தால் 1,800 கிராம்தான் தேறியது. காம்பை அரை விரற்கடை விட்டு நறுக்க வேண்டும். மொத்தமாக ஒடித்தால் அந்த வாய் வழியே உப்பு நீர் இறங்கி உள்ளே குழகுழவென்று ஆகிவிடும். அலசி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போன பிறகு விளக்கெண்ணெய் 3 தேக்கரண்டி பிசிறியது. கல்லுப்பு 350 கிராம், மஞ்சள் தூள் 2 தேக்கரண்டி. மிளகாயும் கடுகும் இப்போது வேண்டாம்.

மார்ச் 30
காலை, மாலை குலுக்கியாயிற்று.

மார்ச் 31
அடியில் இரண்டு விரல் தண்ணீர். போதாது. ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன், கத்தி கொட்டையில் தடுக்காமல் இறங்கியது. அப்படியென்றால் காய் முற்றவில்லை. கொட்டை ஓடு கட்டிவிட்ட வடு எத்தனை நாள் ஆனாலும் சுருங்காது, அதைத் தொக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். தவறு உப்பில்: பாதி கரையாமல் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. குலுக்கினால் மட்டும் ஏறாது. காய்ந்த மரக்கரண்டியால் அடியோடு புரட்டிவிட்டேன்.

ஏப்ரல் 3
முக்கால் ஜாடி தண்ணீர். அதிலிருந்தே ஒரு டம்ளர் எடுத்து, காய்ந்த மிளகாய் 90 கிராம், கடுகு 40 கிராம் சேர்த்து அரைத்து ஊற்றியாயிற்று. வெறும் தண்ணீரில் அரைத்தால் உப்பின் பிடி தளர்ந்து வெள்ளை ஆடை படரும். மேலே மிதப்பவற்றின் மீது ஒரு பீங்கான் தட்டு.

ஏப்ரல் 7
வேப்பம்பூ கொட்டுகிறது. விடியும் முன் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்தால் மண் ஒட்டாது. கிளையை ஒடிக்கத் தேவையே இல்லை, உதிர்வதே ஒரு வீட்டுக்கு வருஷம் முழுக்க வரும். காம்பும் பூச்சியும் பொறுக்கி இரண்டு வெயில். ரசத்துக்கு நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, இறக்கிய பின் போட வேண்டும். கொதிக்கவிட்டால் ரசம் முழுக்கக் கசப்பு.

ஏப்ரல் 10
வடு சுருங்கவில்லை.

ஏப்ரல் 14
பச்சடி. மாங்காய் குழைந்த பிறகே வெல்லம். முன்னால் போட்டால் காய் விறைத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 15
மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு இறங்காது. முன்பு 45 நாளாக இருந்தது. இந்த இரண்டு மாதம் வஞ்சிரம் கேட்பதில் அர்த்தமில்லை: வந்தால் பனிக்கட்டியில் கிடந்தது, இல்லாவிட்டால் தொலைவிலிருந்து வந்தது. நாட்டுப்படகில் வரும் நெத்திலி, மத்தி கிடைத்தால் பார்க்கலாம். மற்ற நாளுக்குக் கருவாடு. வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு, இரண்டு முறை அலசி, குழம்பு வற்றிய பிறகு ருசி பார்த்துத்தான் உப்பு.

ஏப்ரல் 21
சுருங்கிவிட்டது! தோலில் வரி வரியாய். ஐந்து மட்டும் இன்னும் மொழுமொழுவென்று மேலேயே நிற்கின்றன.

ஏப்ரல் 24
மோர் மிளகாய், அரைக் கிலோ. காம்பு இருக்கட்டும், நுனியில் சிறு கீறல் போதும். நன்றாகப் புளித்த தயிர் 400 மில்லி, உப்பு 75 கிராம். புளிக்காத தயிரில் ஊறினால் மிளகாயில் பச்சை வாடை நின்றுவிடும். இரண்டு நாள் ஊறல். பிறகு பகலில் தட்டில் வெயில், இரவில் அதே மோர், மோர் முழுக்க இழுபடும் வரை.

மே 2
கூழ் வடாம். பச்சரிசி அரைக் கிலோ, ஜவ்வரிசி 50 கிராம், ஊறவைத்து அரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டது. தண்ணீர் 3 லிட்டர். மாவு கண்ணாடி போல் ஆகி, நனைத்த விரலில் ஒட்டாமல் வர வேண்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் காயும்போதே உடைந்து பொடியாகும். உப்பு நாக்குக்குக் குறைச்சலாகத் தெரிகிற அளவில் நிறுத்த வேண்டும், காய்ந்தால் ஏறிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாளில் உரிப்பது சுலபம்தான். ஆனால் சூட்டில் கிடக்கும் தாளின் மேல் சோற்றுப் பண்டம் எதற்கு, அடிப்பக்கமும் புழுங்கும். வேட்டியே. உரிக்கும்போது துணியின் மறுபக்கம் தண்ணீர் தெளித்தால் தானாகக் கழலும்.

மே 4
கத்திரி வெயில். வடாம் மாலை மூன்றுக்கே கலகல.

மே 9
மழை. மூன்றரை மணிக்கு, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல். இரண்டாம் ஈடு வடாம் பாதி ஈரம். மிளகாயும் நனைந்துவிட்டது. மிளகாயைப் பற்றிக் கவலை இல்லை, கெட்டி மோரில் ஒரு கை உப்பு போட்டு அதற்குள் தள்ளினால் நாலு நாள் பொறுக்கும். வடாம் அப்படி இல்லை. அதற்கு உப்பும் போதாது, புளிப்பும் போதாது. துணியோடு தூக்கிக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் விரித்தாயிற்று, மடிக்காமல், ஒன்றன்மேல் ஒன்று படாமல். செய்தித்தாளில் போடக்கூடாது, மை ஏறும். அரை ஈரத்தைப் பொரித்துத் தீர்க்கலாம் என்றால் எண்ணெய் மூஞ்சியில் தெறிக்கும். இளஞ்சிவப்புப் புள்ளி வந்தால் எருக்குழிதான்; திரும்பக் காயவைத்தாலும் அது போகாது. இருபதாம் தேதிக்கு எல்லாம் பொட்டலமாக வேண்டும்.

மே 10
மூட்டம். புள்ளி இல்லை. மோந்து பார்த்தது ஏழு முறை.

மே 11
வெயில்.

மே 13
பலாக்கொட்டை. செம்மண் குழம்பில் புரட்டி நிழலில் உலர்த்தினால் மழைக்காலம் வரை சொத்தை விழாது. வடாம் உடைத்தால் ‘டக்’ என்கிறது. மிளகாய்க் காம்பு இன்னும் வளைகிறது, ஒடியவில்லை.

மே 16
ஜாடியில் மிதந்த அந்த ஐந்து வடுவில் மூன்று அமிழ்ந்துவிட்டன. மேற்கே கருக்கல். துணி இன்னும் விரிக்கவில்லை.