30 வருட வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி குமரியில் வீடு வாங்காதீர்கள்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் நீட்டுவது வில்லங்கச் சான்றைத்தான். "30 வருசம் சுத்தமா இருக்கு, பிறகென்ன?" என்பார். அந்தச் சான்று ஒன்றைத்தான் சொல்லும்: இந்தக் காலத்துக்குள், இந்த சர்வே எண்ணில், இன்னின்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன. பதிவாகாத எதுவும் அதில் வராது. இறந்துபோன உரிமையாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் வராது. இந்த மாவட்டத்தில் வம்பு கிளம்புவதே அங்கிருந்துதான்.

முதலில் கிறிஸ்தவக் குடும்பங்களின் சொத்தைப் பார்ப்போம். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் (1916) மகளுக்குக் கொடுத்தது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. அந்தச் சட்டம் 1951-லேயே காலாவதியாகிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பு சொன்னது. அதனால் 1951-க்குப் பிறகு உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள் மட்டும் பாகப்பிரிவினை எழுதி, பட்டாவும் மாற்றி, அதன்பேரில் இரண்டு கை மாறியிருக்கும். "தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்பது சட்டத்தில் எடுபடாது. கூட்டுரிமையாளர்களுக்குள் ஒருவர் நெடுங்காலம் அனுபவித்ததை வைத்து மற்றவர் பங்கு போய்விட்டது என்று நிரூபிப்பதும் எளிதல்ல.

இந்துக் குடும்பம் என்றால், 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் இறந்தவரின் தாய்க்கும் சம பங்கு உண்டு. அந்தத் தாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பழைய பத்திரத்தில் தறவாடு (கூட்டுக்குடும்பம்), காரணவர் (அதன் தலைவர்) என்ற சொற்கள் வந்தால் அது மருமக்கத்தாய வழி, அதாவது தாய்வழியில் இறங்கும் சொத்து. யார் யார் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள் என்பதை அனுபவமுள்ள வழக்கறிஞர்தான் பார்க்க வேண்டும்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்று ஓர் ஆதாரமே தவிர முடிவான தீர்ப்பல்ல. கட்டிக் கொடுத்த பெண்களின் பெயர் அதில் விடுபட்டிருக்கலாம். பழைய குடும்ப அட்டை, கோயில் அல்லது சபைப் பதிவேடு, அக்கம்பக்கத்து விசாரணை என்று ஒத்துப் பார்த்துப் பட்டியலை உறுதி செய்யுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்திட வேண்டும். இல்லையேல் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக முன்னதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிய "ஆட்சேபணையில்லை" கடிதம் உதவாது. இந்து மைனரின் தனிச்சொத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் கார்டியன் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதுக்குப் பின் மூன்று வருடத்துக்குள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம்.

அடுத்தது பிரமாணத் தொடர், அதாவது சொத்து கைமாறி வந்த பத்திரங்களின் வரிசை. இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய முன்பிரமாணங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் கொல்லம் ஆண்டுடன் 824, ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825 கூட்டுங்கள். 1115 தை மாதப் பத்திரம் 1940-ஐச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பை விற்பவரிடம் கேட்டு வாங்காமல், மலையாளம் படிக்கத் தெரிந்த உங்கள் ஆளை வைத்துச் செய்யுங்கள்.

சர்வே எண்ணும் மாறியிருக்கும். பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் ரீசர்வே எண். வில்லங்கத்தை ஓர் எண்ணில் மட்டும் போட்டால் மற்ற எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் தொடர்புப் பதிவேட்டைப் பார்த்து இரண்டு எண்ணிலும் தேடுங்கள். ஆன்லைனில் கிடைப்பது பொதுவாக 1975-லிருந்துதான். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப்போட்டு வாங்க வேண்டும். இடையில் அலுவலக எல்லை பிரிந்திருந்தால் இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். 1 ஏர் என்பது 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் 8 சென்ட் என்றால் பட்டாவில் சுமார் 0.03.24 (0 ஹெக்டேர் 3.24 ஏர்) இருக்க வேண்டும். 0.02.90 என்றிருந்தால் ஏறக்குறைய 360 சதுர அடி குறைகிறது. பக்கத்துச் சுவர் உள்ளே வந்திருக்கலாம், குளப் புறம்போக்கில் போயிருக்கலாம், சர்வேயிலேயே தவறு இருக்கலாம். சர்வே அளவுகள் குறித்த புலப்படத்தை வைத்து அளந்து பார்த்த பிறகே முன்பணம். நான்கெல்லைக்கும் அளவுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையே நிற்கும் என்பதால் எல்லைப் பெயர்களை இன்றைய நிலவரப்படி எழுதச் சொல்லுங்கள்.

வழியையும் விட்டுவிடாதீர்கள். இங்கே பல வீடுகள் அடுத்தவர் விளையை (தோப்பை) தாண்டி உள்ளே இருக்கும். வழியின் அகலம், வண்டி போகும் உரிமை இரண்டும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். "எல்லாரும் போறது தானே" என்பதை நம்பி வாங்கினால் கட்டுமான லாரியே உள்ளே போகாது.

வீட்டில் யார் குடியிருக்கிறார்? ஒத்திக்கு இருப்பவராக இருந்து, அது பதிவாகாமல் இருந்தால் வில்லங்கத்தில் தெரியாது. ஆனால் அவர் குடியிருப்பதே அவருடைய உரிமையைப் பற்றி உங்களுக்கு அறிவிப்பு என்றுதான் சொத்து மாற்றுச் சட்டம் கருதும். அவரிடம் நேரில் பேசி எழுதி வாங்குங்கள். அசல் பத்திரத்தையும் கையில் பார்த்தாக வேண்டும். தனியார் நிதிக்காரரிடம் பதிவில்லாமல் வைத்திருந்தால் நகலை மட்டுமே காட்டுவார்கள்.

உரிமையாளர் வளைகுடாவில் இருந்தால் பவர் பத்திரம் வரும். வெளிநாட்டில் எழுதியது என்றால் இந்தியத் தூதரகச் சான்றோ நோட்டரி சான்றோ பெற்றிருக்க வேண்டும், இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அத்தோடு முடிந்தது. பதிவன்று அவரை வீடியோவில் பார்த்துவிடுவது நல்லது. கிரயத் தொகையிலிருந்து வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டிய வரி, வெளிநாடுவாழ் விற்பவருக்கு உள்ளூர்க்காரருக்கான 1 சதவீதக் கணக்கில் வராது, அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் முழுத்தொகையையும் அனுப்பினால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் பிடிக்கும். உள்ளூர்க்காரர் என்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரயத்துக்கு 1 சதவீதம்.

எல்லை தாண்டி கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வாங்குவோர் அடிப்படை வரிப்பதிவேட்டில் அந்த இடம் புரயிடமா (வீட்டுமனை, தோட்டம்), நிலமா என்று முதலில் பார்க்கட்டும். 'நிலம்' என்றால் அங்கே வயல். கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டப்படியான டேட்டா பேங்கில் (வயல்களின் பட்டியலில்) அது இருந்தால், நீக்கம் வாங்கி வகை மாற்றும்வரை கட்டட அனுமதி கிடைக்காது. குடிக்கட சர்டிபிகேட் (அங்கத்து வில்லங்கச் சான்று) பாருங்கள்; கரம் (நிலவரி) கட்டிய ரசீது, போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்த தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) எல்லாம் விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். அங்கே செலவு முத்திரை 8, பதிவு 2 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்தாக வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்கினால் அதே அளவு அபராதம் விற்பவருக்கு. விற்பவர் கவனிக்க இன்னொன்று: முழுப்பணம் கணக்கில் ஏறும்வரை அசல் பத்திரம் கைமாறக் கூடாது. டி.டி. என்றால் வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பதிவுக்கு முந்தின நாள் மறுபடி வில்லங்கம் போடுங்கள். பதிவான இரண்டு வாரத்தில் இன்னொன்று. உட்பிரிவு இல்லாத பட்டா தானாகவே மாறிவிடும். உட்பிரிவு இருந்தால் சர்வேயர் வந்து அளக்கும்வரை பட்டா விற்றவர் பெயரிலேயே கிடக்கும், மனு எண்ணை வைத்துக்கொண்டு விரட்ட வேண்டியதுதான். வீட்டுத்தீர்வை, மின் இணைப்புப் பெயர் மாற்றம் இரண்டையும் பதிவுப் பத்திரம் கைக்கு வந்த வாரத்திலேயே கொடுத்துவிடலாம்.