மம்மூத் அவ்ளோ பழைய ஆளு இல்லீங்க

ரொம்ப நாளா மம்மூத்தும் (உடம்பெல்லாம் முடியோட இருந்து அழிஞ்சு போன யானைச் சொந்தம்) டைனோசரும் ஒரே காலத்து ஆளுங்கன்னு தான் நினைச்சுட்டு இருந்தேன், சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. டைனோசர் போய் 6.6 கோடி வருஷம் ஆச்சு. கடைசி மம்மூத் செத்து வெறும் 4000 வருஷம் தான் ஆகுது! எகிப்துல கிசா பிரமிடு கட்டி முடிச்சு சில நூறு வருஷம் கழிச்சும் ஆர்க்டிக் கடல்ல ராங்கெல் தீவுல இதுங்க மேஞ்சுட்டு இருந்துச்சு.

பனி உருகி கடல் ஏறுனதுல சுமார் 10,000 வருஷம் முன்னாடி அந்தத் தீவு சைபீரியால இருந்து தனியா போயிடுச்சு, அதுல மாட்டுனது அதிகபட்சம் எட்டு மம்மூத் தான் இருக்கும்னு டிஎன்ஏ வச்சு கணக்கு போட்டிருக்காங்க. அதுவே பெருகி 200, 300னு ஆகி சொந்தத்துக்குள்ளயே குட்டி போட்டு 6000 வருஷம் ஓட்டிருச்சு.

இன்னொன்னு, சைஸ். மலை மாதிரி இருக்கும்னு பாத்தா கம்பளி மம்மூத் இப்ப இருக்கிற ஆப்பிரிக்க யானை அளவு தான், சொந்தம் என்னவோ ஆசிய யானைக்குத் தான் கிட்ட. காது சின்னது, வால் குட்டை, குளிருக்கு அதான் வசதி. பின்பக்கம் காத்து போகாம மூட ஒரு தோல் மடிப்பு வேற, நிஜமா தான்! உண்மையான ராட்சசன்னா பாராசெரத்தீரியம், பலுசிஸ்தான்ல எலும்பு கிடைச்ச கொம்பில்லாத காண்டாமிருக வகை, தோள் உயரமே கிட்டத்தட்ட 5 மீட்டர். அதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல, மம்மூத்துக்கு முடி இருக்கு, போட்டோல நல்லா வருது, அவ்ளோ தான் காரணம்னு நினைக்கிறேன்.

ஆனா என்னை உலுக்குனது லியூபா தான். 2007ல சைபீரியால யமால் பக்கம் கலைமான் மேய்க்கிறவர் ஒருத்தர் பாத்த குட்டி, பொறந்து ஒரு மாசம் தான் இருக்கும், ஆனா செத்து சுமார் 42,000 வருஷம். தும்பிக்கை, தொண்டை எல்லாம் சேறு, மூச்சு முட்டி செத்திருக்கு. செத்த பிறகு உடம்புல பரவுன பாக்டீரியா அதை கிட்டத்தட்ட ஊறுகாய் போட்டுருச்சு, அதான் கெடாம இருந்துச்சு. வயித்துல அம்மா பால். குடல்ல பெரிய மம்மூத்தோட லத்தி. என்னடா இதுன்னு முதல்ல முகம் சுளிச்சேன், அப்புறம் தான் தெரிஞ்சுது, புல்லை செரிக்க வைக்கிற பாக்டீரியா வேணும்னு இன்னைக்கும் யானைக்குட்டிங்க அம்மா லத்தியைத் தின்னுதாம்.