பெட்டி மாற்றும் நாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையில், இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவிக்கான கிளினிக்கில் டெக்னிஷியனாக இருக்கிறேன். ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆயா பரிசோதனைக்கு வருவார். அங்கே என்னோடு தமிழில் பேசுபவர் அவர் ஒருவர்தான். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வரும்.

போன வருடம் அவருடைய கருவி, மாற்றும் நேரம் வந்துவிட்டதாகக் காட்டியது. அப்படிக் காட்டிய பிறகும் பொதுவாக மூன்று மாதம் பேட்டரி தாங்கும். அதனால், "பயப்படாதீங்க ஆயா, சும்மா பேட்டரி மாத்துறதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த 'சும்மா'வை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. டைட்டானியம் உறைக்குள் எல்லாவற்றையும் வைத்து மூடியிருப்பார்கள். பெட்டியையே எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். இதயத்துக்குள் போகும் வயர்கள் நன்றாக இருந்தால் அவை அப்படியே இருக்கும். ஆனால் பழைய தழும்பிலேயே மறுபடி கத்தி படும். கிருமி தொற்றும் வாய்ப்பும் முதல் தடவையைவிட அதிகம்.

ஆயா பதில் சொல்லவில்லை. இடது காறை எலும்புக்குக் கீழே புடைத்திருக்கும் இடத்தை முந்தானையோடு சேர்த்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "பழசை எடுத்துப் புதுசை மாட்டுற வரைக்கும் உள்ளே யாரும்மா அடிச்சிக்கிட்டு இருப்பா?"

முதல் தடவை மயங்கி விழுந்தவரைத் தூக்கி வந்து வைத்தார்கள். பயப்பட நேரமே இல்லை. இந்தத் தடவை தேதி கொடுத்திருந்தோம், ஆறு வாரம் கழித்து. அந்த ஆறு வாரமும் இந்தக் கேள்வியோடு அவர் தூங்க வேண்டும்.

கருவியின் வேகத்தை நிமிடத்துக்கு 60, 50, 40 துடிப்பு என்று குறைத்துப் பார்த்தேன். 40-இல் தலை சுற்றுகிறது என்றார். சொந்தத் துடிப்பை நம்ப முடியாது. டாக்டரிடம் சொன்னேன், முதலில் தொடை வழியாக இதயத்துக்குத் தற்காலிக வயர் ஒன்றைப் போட்டுவிடலாம், மாற்றி முடிக்கும் வரை அது துடிக்க வைக்கும் என்றார். அதைத் தாளில் வரைந்து காட்டினேன். 1958-இல் ஸ்டாக்ஹோமில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கரைப் பொருத்திக்கொண்ட ஆர்னே லார்சனைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பெட்டி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இருபதுக்கும் மேல் மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அவர் மனைவிதான் டாக்டரிடமும் இன்ஜினியரிடமும் விடாமல் போய்க் கேட்டவர் என்றதும் ஆயா நிமிர்ந்து பார்த்தார். "பாவம், அவ என்ன பாடுபட்டாளோ!"

பெட்டி மாற்றும் நாளில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். ஆயா விழித்தே இருந்தார். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லியிருந்தார். "இப்போ பழசைக் கழட்டுறாங்க ஆயா. அந்த வயர் ஓடுது." திரையில் கோடு ஒரு துடிப்பும் தவறாமல் போனது. குட்டித் திருகைச் சிறு சாவியால் முடுக்கும் 'க்ளிக்' கேட்டது. "மாட்டியாச்சு ஆயா."

பத்தாம் நாள் புண்ணைப் பார்க்க வந்தார். சுத்தமாக ஆறியிருந்தது. எத்தனை வருடம் வரும் என்று கேட்டார். எட்டு, பத்து என்றேன். விரல்விட்டு எண்ணினார்.

"அடுத்த தடவையும் அந்த வயரை முதல்ல போடணும்னு எழுதி வை. அப்போ யார் இருப்பாங்களோ."

சரி என்று அவருடைய கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.